பின்னங்கால்கள்

பதினோரு வருஷம் நான் ஒரு குதிரையின் பின்பாதி.
சிரிக்காதீர்கள்.
சரி, சிரியுங்கள், சம்பளமே அதற்குத்தான்.

ரூபே நகரம், செங்கல் சந்து, கொலிப்ரி அரங்கம்.
தட்டு சுழற்றுகிறவனுக்கும்
அழுகைப் பாட்டுக்காரிக்கும் நடுவே
எங்களுக்கு ஏழு நிமிஷம்.
முன்பாதி யூலாலி.
தலையாட்டுவதும், நூலை இழுத்து
குதிரையைக் கண்ணடிக்க வைப்பதும் அவள் பாடு.
நான் குனிய வேண்டும்,
அவள் இடுப்புவாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்,
வேளை பார்த்துப் பொத்தென்று உட்கார வேண்டும்.
இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் வரும்:
"பலகையில் ஓட்டை, இடது."
நான் இடதை வைப்பேன். அரைக் கணம் பிந்தி.

சிரிப்பைக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.
கோணித்துணிக்கு வெளியே மழை பெய்கிற மாதிரி இருக்கும்.
நூற்பாலைப் பெண்கள் வரும் சனிக்கிழமைகளில்
ஆலங்கட்டி.

ஒத்திகை இல்லாத ஒரு புதன்கிழமை பார்த்து
யூலாலி ட்ரம்பெட்காரனைக் கட்டிக்கொண்டாள்.
சாட்சிக் கையெழுத்து நான்தான்.
குதிரைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.
வியாழன் இரவு வழக்கம்போல உட்கார்ந்தேன்,
வழக்கம்போல மழை.

அப்புறம் கொலிப்ரி சோபா கடை ஆனது.

எழுபத்து நான்கில் பாரிஸிலிருந்து லாரிகள் வந்தன.
அந்தக் கால மியூசிக் ஹால் பற்றிச் சிரிப்புப் படமாம்.
சோபாக்களை வெளியேற்றி
இருக்கைகளுக்குச் சிவப்பு வெல்வெட் தைத்தார்கள்.
எங்கள் நாளில் பச்சை, என்றேன்.
"பச்சை, ஞாபகம் மாதிரித் தெரியாது"
என்றார் இயக்குநர்.

எண்பது பிராங்க், ஒரு சாண்ட்விச்,
தலைக்குப் பொருந்தாத தொப்பி.
மூன்றாம் வரிசையில் நான் ரசிகன்.
ஒலிபெருக்கி "சிரி" என்றதும் சிரித்தோம்.
அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்:
தங்கப்பல் கட்டிய வாய்கள்,
தொடையில் அறையும் கைகள்,
பக்கத்து ஆளின் தோளில் சரியும் ஒரு மாமிசக்கடைக்காரர்.
ஓ, இதுதானா அந்த மழை?

பகல் சாப்பாட்டு ஹெர்ரிங் மீன்
பின்பாதிப் பையன் லோயிக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
தோலை உரித்துப்போட்டுவிட்டு வாளியோடு ஓடினான்.
"இங்கே குனியத் தெரிந்தவர் யாராவது?"
கை தூக்கினேன்.
அறுபத்து மூன்று வயது முழங்கால்கள்
என்னைக் கேட்கவே இல்லை.

உள்ளே புதுப்பசை வாசம்.
வயலட் சோப்பு இல்லை, வெங்காயம் இல்லை.
முன்பாதி பெரிய நட்சத்திரம், விலையுயர்ந்த பெல்ட்.
தொட்டால் கூச்சப்பட்டு நெளிந்தார்,
அதிலேயே இரண்டு டேக் வீண்.
மூன்றாவதில் உட்கார்ந்தேன்.
வெளியே கொட்டியது.
கூலிக்குப் பெய்த மழைதான்.
நனைந்தேன்.

அடுத்த மார்ச்சில் படம் வந்தது.
யூலாலி பஸ் பிடித்து வந்தாள்,
விதவையாகி நான்கு வருஷம்,
கைப்பையில் புதினா மிட்டாய்.
திரையில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள்.
வாருக்குக் கீழே அவள் முதுகெலும்பின்
கடைசிக் கணு வரை எனக்கு மனப்பாடம்.
ஆனால் சிரிக்கும்போது மூக்கு இப்படிச் சுருங்கும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

குதிரை உட்கார்ந்தது.
அரங்கு முழுக்கச் சிரிப்பு. அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.
என் முழங்கையைப் பற்றினாள்.
"அது நீ."
"எப்படி?"
"இன்னமும் அரைக் கணம் பிந்துகிறாய்."

பெயர்கள் ஏறின. பின்பாதி: லோயிக்.
யூலாலி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள்.
முன்வரிசைக் கனவான் திரும்பி முறைத்தார்.

வெளியே நிஜ மழை விட்டிருந்தது.
நடைபாதை குறுகல்,
அவள் முன்னே, நான் பின்னே.
"குட்டை, இடது" என்றாள், திரும்பாமலே.

வலதை வைத்துவிட்டேன்.